மருத்துவமனையில் தங்கும்போது நோய் தொற்றாமல் காத்துக்கொள்ளும் வழிகள்



நோயைப் போக்கிக்கொள்ளவே நாம் மருத்துவமனைக்குச் செல்கிறோம். ஆயினும், போகும்போது இல்லாத ஒரு நோயைப் பெற்றுக்கொண்டு திரும்புவோரும் உளர். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளம் மிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் தங்கும் 100 பேரில் 7 பேருக்கும், வளம் குறைந்த நாடுகளில் 15 பேருக்கும் இவ்வாறு தொற்று ஏற்படுகிறது. இதைக் கேள்வியுற்ற நம்மவர் பலர், வேப்பிலையும் மஞ்சளும் பூண்டும் தேனும் இருக்கையில் அஞ்சுவானேன் என்கின்றனர். அவர்கள் கூறுவதில் எது மெய், எது மிகை என்பதையே இன்று ஆராயப் புகுகிறோம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலருக்கு அங்கே உற்றார் உறவினர் உண்டு. தேக்காச் சந்தைக்கு அருகிலேயே கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை இருந்தது. அப்பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். அப்பகுதியில் மாடு வளர்த்தவர்களில் நம்மவரே மிகுதி. 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தன. உலகில் வேறெந்த மகப்பேற்று மருத்துவமனையிலும் அத்தனை பிறப்பு இல்லையென்று கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. 1997இல் அம்மருத்துவமனை அருகிலேயே புதிய கட்டடத்துக்கு மாறியது.

அங்கே பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பாட்டி, மடியில் வேப்பெண்ணெய்ப் புட்டியை மறைத்து எடுத்துச் செல்வதாகக் கொள்வோம். அன்பினால் செய்வதே; ஆயினும் அது பேராபத்து. வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981இல் கோலாலம்பூர் மருத்துவர்களே ‘லான்செட்’ இதழில் எழுதினர். அக்குழந்தைகள் நம் இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆதலால் வேப்பெண்ணெயைக் குழந்தையின் வாயருகே கொண்டுசெல்லலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நரம்பைத் தளரச் செய்யும். பச்சிளங் குழந்தைக்கு இயற்கை அளித்த தொற்றுக்காப்பு தாய்ப்பால். குறைமாதக் குழந்தைகளுக்காக அதே மருத்துவமனையில் 2017இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டதும் இதனாலேயே.

மஞ்சள் கிருமியைக் கொல்லாதா என்று நீங்கள் வினவலாம். ஆய்வுக்கூடத் தட்டில் மஞ்சளும் வேம்பும் சில கிருமிகளை அடக்குவது உண்மையே. ஆனால், உண்ட மஞ்சளின் சத்தில் மிகச் சிறிதளவே குடலிலிருந்து இரத்தத்தில் சேர்கிறது. குழம்பில் இடும் மஞ்சளால் தீங்கில்லை. அறுவைப் புண்ணுக்கு அது காவலும் ஆகாது. பூண்டு, மஞ்சள் இவற்றை மாத்திரையாகவோ கஷாயமாகவோ மிகுதியாக உட்கொள்வோருக்கு அறுவையின்போது இரத்தம் எளிதில் உறையாமல் போகலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு இவ்வாபத்து இன்னும் கூடும். எந்த நாட்டு மருந்து உண்டாலும், அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டுவதில்லை.

தேனைப் பற்றியும் ஒரு சொல். புண்ணுக்குத் தேன் இடும் வழக்கம் மருத்துவமனைகளிலும் உண்டு. ஆனால் அது கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்ட தேன். நம் அடுக்களைத் தேனையோ, விபூதியையோ, சாணச் சாம்பலையோ திறந்த புண்ணில் வைத்தல் கிருமியை விருந்துக்கு அழைப்பதாகும். கேம்பல் சந்தில் வாங்கிய மல்லிகையை நோயாளியின் தலைமாட்டில் வைக்க எவருக்கும் ஆசை இருக்கும். ஆயினும் பூச்சாடி நீரில் கிருமி பெருகுமாதலால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பூவை ஏற்பதில்லை.

அப்படியாயின் எதுதான் காக்கும்? 1847க்கு முந்திய ஆண்டுகளில் வியன்னா நகரின் ஒரு மகப்பேற்றுக் கூடத்தில், பிரசவித்த தாய்மார் 100 பேரில் 10 பேர்போல் காய்ச்சலால் மாண்டனர். பிணங்களை அறுத்துச் சோதித்த கையுடன் மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதே காரணமென்று கண்டார் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். 1847இல் குளோரினேற்றிய சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். அடுத்த ஆண்டு மரணம் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது.

2003இல் சிங்கப்பூரும் இதே பாடத்தைக் கடுமையாகக் கற்றது. ஹாங்காங் சென்று திரும்பிய ஒருவர் காய்ச்சலுடன் டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்ந்தார். அவரிடமிருந்து தாதியர், பார்க்க வந்த உறவினர், பக்கத்துக் கட்டில் நோயாளிகள் என்று சார்ஸ் நோய் பரவிற்று. மொத்தம் 238 பேர் பாதிக்கப்பட்டனர். 33 பேர் மாண்டனர். மாண்டவர்களில் மருத்துவரும் தாதியரும் இருந்தனர். அந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நோயாளிகளைத் தனிமைப்படுத்தல், முகக்கவசம், கையுறை, கைகழுவல், ஊழியருக்கு நாள்தோறும் உடற்சூடு பார்த்தல், பார்வையாளரைத் தடுத்தல் ஆகியவற்றாலேயே அது அடங்கியது. மே 31ஆம் நாள் பாதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலிலிருந்து சிங்கப்பூர் நீக்கப்பட்டது.

இங்கே நம் தொழிலைப் பற்றியும் கூறியாக வேண்டும். 1890ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியால் கை புண்ணான ஒரு தாதிக்காக ரப்பர் கையுறை செய்வித்தார். பின்னர் அது அறுவைக்கூடம் எங்கும் பரவிற்று. விடியலில் நாம் வெட்டும் மரத்தின் பால், எங்கோ ஒரு நோயாளியைக் காக்கும் உறையாகிறது. இயற்கை வைத்தியத்தில் இதையும் சேர்க்கலாம் அன்றோ! இன்று செயற்கை ரப்பர் உறைகளும் மிகுதி. ஆனால், உறை மாட்டிய கை ஒரு நோயாளியைத் தொட்டபின் அப்படியே மற்றவரைத் தொட்டால் பயனில்லை. உறையைக் கழற்றிக் கையும் கழுவ வேண்டும்.

சோப்பும் நீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி வரை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்த்துக் கழுவல் வேண்டும். சாராயம் கலந்த கைமருந்தாயின் 20 முதல் 30 விநாடி போதும். ஆனால் வயிற்றுப்போக்கு நோயாளி உள்ள இடத்தில் சோப்பும் நீருமே நல்லவை. அந்நோய்க் கிருமிகளுள் ஒன்றின் வித்து சாராயத்துக்குச் சாவதில்லை. தொட வரும் எவரிடமும், “ஐயா, கை கழுவிவிட்டீர்களா?” அல்லது “அம்மா, கை கழுவியாயிற்றா?” என்று பணிவாகக் கேட்பது நோயாளியின் உரிமை. கங்காணி முன்னும் துரை முன்னும் வாய் பொத்தி நின்ற பழக்கத்தால் நம்மவர் இதற்குத் தயங்குகின்றனர்.

சிறுநீர்க் குழாயும் கையில் ஏற்றிய ஊசியும் கிருமிக்குத் திறந்த வாயில்கள். இவை இன்னும் தேவையா என்று நாள்தோறும் கேளுங்கள். அறுவைக்கு முன் வீட்டில் சவரக்கத்தியால் மயிர் மழிக்காதீர். நுண்ணிய கீறல் வழியே கிருமி புகும். புகையை நிறுத்துங்கள், நீரிழிவைக் கட்டுக்குள் வையுங்கள், பல் துலக்கத் தவறாதீர். மருத்துவர் இசைந்தால் விரைவில் எழுந்து நடவுங்கள். இருமலோ காய்ச்சலோ உள்ள உறவினர் வர வேண்டாமென்று முன்னரே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பியபின் புண் சிவந்தாலும், சீழ் கசிந்தாலும், குளிருடன் காய்ச்சல் கண்டாலும், பத்துப் போட்டுப் பார்ப்போம் என்று காத்திராமல், கொடுத்தனுப்பிய சீட்டுடன் அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.