எண்ணைப் பங்கிட்டுவிட்டு இணைப்போம்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



மூன்று பிளாக்கிலும் தனித்தனியாக ரவுட்டர், கேமரா வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் இணைத்து, அமிர்தி சாலைப் பக்கம் உள்ள காவலர் அறையிலிருந்தே பார்க்கலாம் என்கிறது கமிட்டி. நல்ல யோசனை. ஆனால் கேபிள் வாங்குமுன் ஒரு வேலை இருக்கிறது.

நான் பி.காம். படித்த வங்கி எழுத்தர், இன்ஜினியர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எங்கள் கிளையையும் பக்கத்து ஊர்க் கிளையையும் இணைத்த அன்று, இரண்டு பக்கமும் 192.168.1 என்றே எண்கள் இருந்தன. அங்கே இருக்கும் மெஷினை இங்கேயே இருப்பதாக நினைத்து, எங்கள் கம்ப்யூட்டர் தகவலை வெளியே அனுப்பவே இல்லை. அன்று ஒன்றாம் தேதி. பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் மதியம் வரை நின்றார்கள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினாக எண்ணை மாற்றினோம்.

அஞ்சல் துறை இந்தக் கணக்கை 1972-லேயே போட்டுவிட்டது. வேலூர் 632001, ஆம்பூர் 635802. முதல் மூன்று எண்ணை வைத்தே கட்டுப் பிரித்துவிடலாம். தெருவையும் கதவு எண்ணையும் உள்ளூர்த் தபால்காரர் பார்த்துக்கொள்வார். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, பின்கோடு மாறவில்லை.

ஐபி முகவரியும் அப்படித்தான். கட்டடத்துக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கிய எண்களில் 10-ல் தொடங்கும் வரிசைதான் பெரியது. ஏ பிளாக்குக்கு 10.20.10, பி-க்கு 10.20.20, சி-க்கு 10.20.30, காவலர் அறைக்கு 10.20.40 என்று பங்கிடலாம். ஒவ்வொரு பங்கும் ஒரு சப்நெட். நான்காவதாக வரும் எண் கருவிக்கு உரியது. 0 முதல் 255 வரை 256 எண்கள். முதலும் கடைசியும் கருவிக்குக் கொடுக்கக் கூடாது, மீதி 254. நமக்குத் தாராளம்.

ஏன் பத்துப் பத்தாகத் தாண்டினேன்? நாளைக்கு ஏ பிளாக்கில் லிஃப்டுக்கோ பம்ப் மோட்டாருக்கோ தனி சப்நெட் வேண்டுமென்றால் 10.20.11 காலியாக இருக்கும். பழைய எண் எதையும் தொட வேண்டாம்.

எந்தக் கருவிக்கு எந்த எண் என்று லெட்ஜர் மாதிரி எழுதி, செயலாளர் பீரோவில் வையுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். சர்வீஸ் ஆள் மாறினாலும் கணக்கு நம்மிடம் இருக்கும்.

கமிட்டிக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கொட்டேஷனில் கையெழுத்துப் போடுமுன், இந்த எண் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.