இல்லத்தில் ஒரு மெழுகுக்கொடி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் இலக்கியம் பேசுதல் நம் மரபு. இன்று கொடி வளர்ப்பதைப் பற்றிச் சில கூற முற்படுகின்றோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் மக்களுக்கு இப்பொருள் புறம்பானதன்று. ஆனால், பாரியின் முல்லைக்குக் காடு இருந்தது. நம்மிற் பலருக்கோ ஒரு சாளரமே உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் தோப்பும் முற்றமும் உடையோர் இன்றும் உளர். எனினும், சிறு குடியிருப்புகளில் வாழ்வோர் தொகை பெருகிவிட்டது. பிச்சியும் மல்லிகையும் நல்ல வெயிலின்றிப் பூக்கமாட்டா. அப்படியாயின், அறைக்குள்ளே படர்ந்து பூக்கும் கொடி யாது?

அத்தகைய கொடி ஒன்று உண்டு. தாவர நூலார் அதனை ஹோயா என்பர். தாமஸ் ஹோய் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் நினைவாக, ராபர்ட் பிரவுன் என்னும் அறிஞர் 1810இல் சூட்டிய பெயர் அது. இலையும் பூவும் மெழுகில் வார்த்தன போல் இருத்தலின், நாம் அதனை மெழுகுக்கொடி என வழங்குவோம். விண்மீன் வடிவான சிறு பூக்கள் கொத்தாகத் தொங்கும். அந்தியில் மணம் மிகும். காம்பை ஒடித்தால் பால் வடியும். நாம் நன்கறிந்த எருக்கின் குடும்பமே இதன் குடும்பமும் ஆகும்.

செடிக்கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வகை கிழக்காசியாவிலிருந்து வந்தது. ஆயினும் இக்கொடியின் சுற்றம் நமக்கு அயலன்று. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயா இனங்கள் சில வளர்கின்றன. அவற்றுள் ஒன்று சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ராபர்ட் வைட் பெயரைத் தாங்குகின்றது. மற்றொன்றை ஆய்வாளர் உலகிற்கு அறிவித்து, கன்னியாகுமரியின் பெயரையே அதற்கு இட்டனர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைக் காடோ இரு புறத்திற்கும் பொதுவாகவே இருக்கின்றது. அக்காட்டிலிருந்து எவரும் கொடியைப் பெயர்த்து வருதல் கூடாது. அது சட்டத்திற்கும் மாறு, அறத்திற்கும் மாறு. நாற்றுப்பண்ணையிலோ நண்பர் இல்லத்திலோ பெறுதலே முறை.

இனி, வளர்க்கும் வகையைக் காண்போம். இக்கொடியின் இனங்களுட் பல காட்டில் மரத்தின்மேல் வாழ்வன. ஆனால் இது புல்லுருவி அன்று. புல்லுருவி தன் வேரை மரத்துள் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். மெழுகுக்கொடியோ பட்டையைப் பற்றிக்கொள்ளும் அளவே. பெய்யும் மழையும், பட்டை இடுக்கில் மட்கிய சருகுமே அதன் உணவு. வந்த இடத்தை வறுமையாக்காது தானும் வாழும் வாழ்வு அது. தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்து பாலராமபுரத்தில் தறி நாட்டிய நெசவாளர், அவ்வூருக்கே புகழ் தேடித் தந்தனர் அல்லரோ? அவ்வகை வாழ்வு நமக்குப் புதிதன்று.

மரப்பட்டையில் வாழ்ந்த வேருக்குக் களிமண் ஆகாது. தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக்கி, ஊறவைத்து, இருமுறை அலசுக. அதனுடன் அடுப்புக்கரித் துண்டுகளும் சிறிது மட்கிய உரமும் கலந்தால் போதும். அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டி நன்று. பெரிய தொட்டியில் ஈரம் தங்கி வேர் அழுகும்.

தண்ணீர் ஊற்றுவதிலேதான் பலர் கொடியை இழக்கின்றனர். தடித்த இலை தனக்கு வேண்டும் நீரைச் சேமித்து வைத்திருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுக. நம் பகுதிக்கு இடவப்பாதியும் உண்டு, துலாமழையும் உண்டு. அம்மாதங்களில் காற்றே ஈரமாக இருத்தலின் இன்னும் குறைத்தல் வேண்டும். காலை இளவெயில் படும் கிழக்குச் சாளரம் ஏற்ற இடம். உச்சிவெயில் இலையைக் கருக்கும். மாவுப்பூச்சி கண்டால், வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் சிறிது கலந்து துணியால் துடைத்துவிடுக.

இலையில்லாத நீண்ட தளிர் ஒன்று வெறுங்கொம்பு போல் நீளும். பயனற்றது என்று அதனைக் கிள்ளிவிடாதீர். அது பற்றுக்கோடு தேடிச் செல்வது; இலை பின்னர் வரும். அரும்பு கண்டபின் தொட்டியை இடம் மாற்றாதீர், அரும்பு உதிரக்கூடும். சிறு துண்டிலிருந்து வளர்த்த கொடி பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லலாம். பொறுத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முதன்மையான ஒன்றைக் கூறுகின்றோம். பூ உதிர்ந்தபின் ஒரு குறுங்காம்பு எஞ்சி நிற்கும். காய்ந்தது போலவும் அழகற்றதாகவும் தோன்றும். வீட்டைத் தூய்மை செய்வோர் கை முதலில் அதன்மேல்தான் செல்லும். அதனை வெட்டுதல் ஆகாது. அடுத்த பருவத்துப் பூங்கொத்து அதே காம்பின் நுனியிலிருந்துதான் வரும். வெட்டினால் கொடி சாகாது, பசுமையாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்துப் பூவை இழப்போம்.

தாய்மார்களே! நம் பிள்ளைகள் மலையாளம் நன்கு கற்கின்றனர். அது வாழும் மண்ணின் மொழி, மகிழத்தக்கதே. ஆனால் தமிழில் பேசும் அவர்களுட் பலருக்குத் தமிழ் எழுத்துக் கைவரவில்லை. பாட்டியின் கடிதத்தைப் பிறர் படித்துக் காட்டவேண்டிய நிலை நம் இல்லங்களில் வந்துவிட்டது. பயன் முடிந்த காம்பு என்று நாமே அதனை வெட்டிவிடலாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். கொடி வளர்ப்போர் இரு கணுவுள்ள துண்டை வெட்டி, பால் வடிவது நின்றபின் தொட்டியில் ஊன்றி, அடுத்த ஆண்டு விழாவிற்குக் கொண்டு வாருங்கள். கொடி இல்லாதோர் ஒன்று பெற்றுச் செல்லட்டும். தொட்டியின்மேல் கொடியின் பெயரையும் ஊன்றிய நாளையும் தமிழில் எழுதும் பொறுப்பு வீட்டுப் பிள்ளையுடையதாகட்டும். எழுத்துக் கோணினும் பிழையில்லை. எழுதிய கை நம் பிள்ளையின் கையாக இருத்தல் வேண்டும்.