32 கிலோமீட்டரும் ஒரு நீலப் புள்ளியும்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து இதை ரெக்கார்ட் பண்றேன். குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், கால் ரெண்டும் ஸ்டூல் மேல இருக்கு. காலைல 32 கிலோமீட்டர் ஓடிட்டு வந்தேன். ஜனவரி முதல் வாரம் மாரத்தான், அதுக்கு முன்னாடி இதுதான் கடைசிப் பெரிய லாங் ரன். இனிமே தூரத்தைக் குறைச்சுக்கிட்டே வரணும்.

போன வருஷம் 34-வது கிலோமீட்டர்ல பிளாட்பாரத்துல உக்காந்தேன். ரெண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கிச்சு, எழுந்திருக்க முடியல. யோசிச்சுப் பாத்தா தப்பு அன்னிக்கு நடக்கல, அதுக்கு முன்னாடி நாலு மாசமா நடந்துச்சு. ஒவ்வொரு ஞாயிறும் லாங் ரன்னைப் பரீட்சை மாதிரி ஓடினேன். ஆப்ல போடணும், நாலு பேர் லைக் போடணும். நம்ம பாஷைல சொன்னா, சர்வர் எவ்ளோ தாங்கும்னு வாராவாரம் ப்ரொடக்‌ஷன்லயே லோடு டெஸ்ட் ஓட்டுனேன். என்னாகும்? அதான் ஆச்சு.

ஆர்தர் லிடியார்ட்னு நியூசிலாந்துல ஒரு கோச் இருந்தாரு. அவர்கிட்ட பயிற்சி எடுத்த பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் ஓடுறவர், ரெண்டு நிமிஷம்கூட ஆகாத ரேஸ். அவரையும் சேத்து ஞாயித்துக்கிழமைகள்ல மலைப்பாதைல 22 மைல் ஓட விட்டாரு லிடியார்ட். ஸ்னெல் 1960 ரோம்ல தங்கம் ஜெயிச்சாரு. 1964 டோக்கியோல 800, 1500 ரெண்டுலயும் தங்கம். லிடியார்ட் சொன்னது சிம்பிள்: பயிற்சி பண்ணு, உடம்பை வருத்தாத. ஓடும்போது பக்கத்துல வர்றவங்களோட பேச முடியணும். நான் தனியா ஓடுற ஆளு, அதனால எனக்கு நானே பேசிக்கிட்டேன். நாய்கள் மட்டும் ஒரு மாதிரி பாத்துச்சு.

மெதுவா ஓடுறதுக்குப் பின்னாடி ஒரு கணக்கும் இருக்கு. நம்ம தசைலயும் கல்லீரல்லயும் சேமிச்சு வெச்சிருக்கிற கிளைக்கோஜன் சுமாரா 2000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்குத் தோராயமா ஒரு கலோரி செலவாகும். என் எடை 71 கிலோ. 2000-ஐ 71-ஆல வகுத்தா 28 கிலோமீட்டர். 30-க்குப் பக்கத்துல சுவத்துல முட்டுற மாதிரி நிக்கிறோம்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். வேகமா ஓட ஓட உடம்பு கிளைக்கோஜனைத்தான் அதிகமா எடுக்கும். மெதுவா ஓடினா கொழுப்போட பங்கு கூடும். வாராவாரம் மெதுவா ரொம்ப நேரம் ஓடினா அந்தப் பழக்கம் தசைக்கு வரும். என் மாரத்தான் டார்கெட் நாலரை மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 செகண்ட். லாங் ரன்ல ஏழேகால் நிமிஷம் ஓடுறேன். முதல் பத்து கிலோமீட்டர் நம்மள நாமே பிடிச்சு நிறுத்தி வெக்கிறதுதான் வேலை. ஓடுறதைவிட அது கஷ்டம்.

இன்னொண்ணு, 32-ங்கிறது ஏதோ விஞ்ஞான எண் இல்ல. 20 மைலை மாத்துனா 32 வருது, அவ்ளோதான். நம்ம ஊர் வெக்கைல மூணரை மணி நேரம் தாண்டி ஓடுறது தேவையாங்கிறதே எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

சரி, காலைக்கு வருவோம். நாலரைக்குத் திருவான்மியூர்ல கிளம்பினேன். மார்கழி பொறந்துடுச்சு, கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு. சில வாசல்ல அதுக்குள்ள கோலம் போட ஆரம்பிச்சுட்டாங்க, மிதிக்காம தாண்டித் தாண்டி ஈ.சி.ஆர். வந்து சேரவே வார்ம்அப் ஆயிடுச்சு. போறது நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, உத்தண்டி டோல்கேட் தாண்டி கானத்தூர் பக்கம் 16 கிலோமீட்டர். அப்படியே திரும்பி வரணும். சனிக்கிழமை ராத்திரி பார்ட்டி முடிச்சுட்டு வர்ற காருங்க அந்த நேரத்துலதான் பறக்கும். அதனால மின்னுற ஜாக்கெட் போட்டு, வண்டி வர்றதைப் பாக்குற மாதிரி எதிர்ப்பக்கமா ஓடுறேன்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மூணு பேரீச்சம்பழம். பாட்டில்ல ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ல டபிள்யூ.ஹெச்.ஓ. ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, வெறும் சக்கரைத் தண்ணி வேண்டாம். அதுக்காகக் குடிச்சுக்கிட்டே இருக்கவும் கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சப்ப, 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு. ஓடும்போது தண்ணி அதிகமா குடிச்சு எடை கூடினவங்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். நான் கிளம்பும்போதும் வந்தப்புறமும் எடை பாத்தேன். 71.4, அப்புறம் 69.1. நடுவுல ஒன்றரை லிட்டர் குடிச்சிருக்கேன். அப்போ கிட்டத்தட்ட 3.8 லிட்டர் வேர்வை. டிசம்பர்லயே இப்படி.

திரும்பும்போது சூரியன் வந்துடுச்சு. 22-வது கிலோமீட்டர், அக்கரை கிட்ட, காதுல ஓடிட்டிருந்த பாட்டு நின்னுடுச்சு. போன் செத்துப்போச்சு. வேர்வைல ஊறியிருக்கும், இல்ல சார்ஜ் போயிருக்கும். தூரம் பாக்கக் கைல வாட்ச் இருக்கு. உண்மையைச் சொல்றேன், எனக்கு நிம்மதியா இருந்துச்சு. ரோடும் என் மூச்சும் மட்டும்தான். கால் வலிச்சாலும் வேகம் மாறவே இல்ல. இவ்ளோ நல்லா நான் ஓடினதே இல்லன்னு நினைச்சுக்கிட்டே ஓடினேன்.

வீட்டுல அம்மா போன்ல என் லைவ் லொகேஷன் ஓடிட்டிருந்துச்சு. அது எனக்குத் தோணவே இல்ல.

இதை நான் இந்த பாட்காஸ்ட்ல சொன்னதில்ல. எங்கப்பா 2016-ல காலைல வாக்கிங் போனவர் திரும்பி வரல. மாரடைப்பு, வயசு 54. நேரமாச்சேன்னு அம்மா போன் பண்ணிட்டே இருந்திருக்காங்க. கடைசியா எடுத்தது யாரோ ஒருத்தர். நான் அப்ப ஹாஸ்டல்ல செகண்ட் இயர். ஓட ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாத்து ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தேன், ரிப்போர்ட்டை அம்மாகிட்டயும் காட்டினேன். வாங்கி பீரோல வெச்சாங்க, ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை நான் வர்ற வரைக்கும் காபிகூட குடிக்க மாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் நான் அதைப் பெருசா எடுத்துக்கல.

நீலாங்கரை கிட்ட, 27-வது கிலோமீட்டர், எதிர்ல ஒரு ஆட்டோ வந்து ஓரங்கட்டுச்சு. உள்ள அம்மா. நைட்டி மேல துண்டைப் போத்தியிருக்காங்க, கைல போன். ஒன்பது தடவை அடிச்சிருக்காங்க. அக்கரைல நீலப் புள்ளி நின்னது நின்னபடி இருந்திருக்கு.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இன்னும் எவ்ளோ இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"அஞ்சும்மா. ஏறிக்கட்டுமா?"

"ஓடு."

ஆட்டோக்கார அண்ணன் வண்டியைத் திருப்பி என் பின்னாடியே வந்தாரு. பின்னாடி வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. அவரு தலையை வெளிய நீட்டி, "தம்பி, சீக்கிரம் ஓடுப்பா, சவாரி இருக்கு"ங்கிறாரு. அண்ணே, ஏழேகால் நிமிஷம்தாண்ணே ஓடணும்! (சிரிப்பு) அந்த அஞ்சு கிலோமீட்டர்ல நான் திரும்பியே பாக்கல. பாத்திருந்தா அழுதிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மோர் குடுத்தாங்க, உப்பு தூக்கலா. "மன்னிச்சிடும்மா"ன்னேன். "போய்க் குளி"ன்னாங்க. அவங்க காபி குடிக்கும்போது மணி ஒன்பதே கால்.

மாரத்தானுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அன்னிக்கும் 42 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். பவர் பேங்க் கட்டிக்கலாமா, வாட்ச்லயே சிம் இருக்கிற மாடல் வாங்கலாமா, ஜிப் கவர் போதுமான்னு மத்தியானம் பூரா தேடிட்டு இருந்தேன். உங்கள்ல யாராவது இதுக்கு நல்லா ஒரு வழி வெச்சிருந்தா எழுதுங்க, உண்மையிலேயே தேவை.

நான் தேடிட்டு இருக்கும்போது அம்மா பீரோவத் திறந்து, அப்பாவோட பட்டன் போனை எடுத்துட்டு வந்து மேஜை மேல வெச்சாங்க. பழைய நோக்கியா. "இதையும் எடுத்துட்டு ஓடு, இது நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. பின்மூடியைக் கழட்டிப் பாத்தேன், பேட்டரி உப்பியிருக்கு. நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு ரிச்சி ஸ்ட்ரீட் போய் அதே மாடல் பேட்டரி கிடைக்குதான்னு பாக்கணும்.