உப்பளமும் பள்ளிக்கூடமும்
(மரக்காணம் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



பள்ளிக்கூடத்தில் நவீனக் கருவிகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். கருவி வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011-ல் சர்க்கார் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் கியூஆர் குறியை அச்சடித்தார்கள். 2019-ல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. இவ்வளவு வந்தும் நம் பிள்ளைக்குப் பாடம் விளங்குகிறதா என்பதே கேள்வி.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒரே செல்போனைத் தகப்பன் வேலைக்கு எடுத்துப் போனால், பிள்ளையின் பள்ளிக்கூடமே அவன் சட்டைப் பையில் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அந்த நஷ்டத்தை ஈடு செய்யவே 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம் 2021 அக்டோபர் 27-ந் தேதி, இதே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் ஆரம்பிக்கப்பட்டது. கருவி எட்டாத வீட்டுக்கு மனிதர் நடந்து போக வேண்டியிருந்தது.

அப்படியானால் கருவி வீணா? இல்லவே இல்லை. நம் உப்பளத்தைப் பாருங்கள். டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயைக் கடல் நீரில் மிதக்க விட்டால் சுமார் 3 காட்டும். வெய்யிலில் நீர் வற்றிச் சுமார் 25 ஆனால் உப்பு விளையும். 30-ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகள் சேரும். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்புகள் சுமார் 35 கிராம். ஆவியாதல், அடர்த்தி, விகிதம் ஆகிய மூன்று பாடங்களும் பாத்தியிலேயே கிடக்கின்றன. நம் பிள்ளையோ 'ஆவியாதல் என்றால் என்ன?' என்பதற்கு விடையை நெட்டுருப் போடுகிறது! ஏட்டில் இருந்ததை நெட்டுருப் போட்டவர்கள், இன்று திரையில் இருப்பதை நெட்டுருப் போட்டால் மாறியது பலகையே ஒழிய புத்தியல்ல.

ஆகவே, பிள்ளை தானே அளக்கட்டும். தினம் கண்டதைக் கணினியில் பதிந்து கோடாக வரைந்து பார்க்கட்டும். மழை பெய்த நாளில் கோடு ஏன் இறங்கிற்று என்று கேட்கட்டும். உபாத்தியாயர் கோபிக்காமல் கூட நின்று தேடட்டும்.

அப்பன் தொழிலுக்கே பிள்ளையைத் திருப்புகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கூலிக்குப் போகச் சொல்லவில்லை. காரணம் கேட்கச் சொல்லுகிறேன். காரணம் கேட்கப் பழகிய பிள்ளை, கூலி ஏன் இவ்வளவு என்றும் ஒரு நாள் கேட்கும்.

தோழர்களே! ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து, மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்கவா கணினி? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கணினி எத்தனை என்பதோடு நிற்காதீர்கள். அதைத் தொட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் கேட்ட கேள்விகள் என்ன என்றும் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.