கொல்லைப்புறத்து வசந்தம்

வசந்த ருது என்று ஒன்று நம் தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. பனி விலகிய மறுநாளே வெயில் ஏறிவிடுகிறது, இடையில் வசந்தம் எப்போது வந்தது, எப்போது போயிற்று என்பது அவர்களுடைய ஐயம். ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலுக்கென்று ஒதுக்கிவைத்தார்கள் என்றாலும், மே மாதம் 4-ஆம் தேதியளவில் புறப்படும் அக்கினி நட்சத்திரம் சித்திரையின் கடைசிப் பகுதியையும் வைகாசியின் முற்பாதியையும் தன் பாகமாக எடுத்துக்கொண்டு விடுவதால், பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கிறவர்களின் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பங்குனி பிறந்தது முதல் சித்திரை பாதி கழியும் வரையில், கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மரத்தடியிலும் கிணற்றடியிலும் அடுக்களையிலும் நடப்பவற்றைச் சற்றே நிதானமாகக் கவனித்து வருகிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் எழுவதற்கே இடமிராது.

முதலில் வேப்பமரத்தைச் சொல்கிறேன். மாசி மாதத்தில் அது இலையுதிர்க்கத் தொடங்கும்போது, காலையில் பெருக்கிய முற்றத்தை மாலையில் மறுபடியும் பெருக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாத கிருகிணி இல்லை. அந்த அலுப்புத் தீருமுன்பே செம்பு நிறத்தில் தளிர் விட்டு, தளிர் பச்சையாக மாறி, அதன் இடுக்குகளிலிருந்து சின்னஞ்சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் புறப்பட்டுவிடுகின்றன. பூச் சேகரிப்பவர்கள் முதல்நாள் மாலையிலேயே மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்து, பழைய வேட்டி ஒன்றை விரித்து, காற்றுக்குப் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் படுப்பார்கள். விடியற்காலையில் அந்த வேட்டியின் அருகே போய் நிற்கிறவர்கள், இலையும் பட்டையும் காயும் ஒருங்கே கசக்கும் இந்த விருட்சத்துக்கு இத்தனை மதுரமான வாசனை எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்படாமல் திரும்ப முடியாது. பூவை முறத்திலிட்டுக் காம்பும் சருகும் போகப் புடைத்து, வெயிலில் உலர்த்தி, ஜாடியில் பத்திரப்படுத்தி வைத்தால், ஐப்பசி மழையில் நாக்குச் செத்துக் கிடக்கும் ஒரு ராத்திரி வேளையில் நெய்யில் வறுத்து ரசத்தில் போட்டுக்கொள்ள உதவும்.

வருஷப் பிறப்பன்று இந்தப் பூவோடு மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி செய்கிறோம். வாழ்க்கையில் கசப்பும் புளிப்பும் தித்திப்பும் கலந்தே வரும் என்பதை உணர்த்தவே இந்த ஏற்பாடு என்று பெரியவர்கள் தத்துவார்த்தம் கூறுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், தையை ஒட்டி ஆடிய கரும்பின் வெல்லம் பானையில் இருக்க, மாமரத்தில் காய் தொங்க, வேம்பு கொல்லையில் பூவைக் கொட்டிக்கொண்டிருக்க, அன்றைக்குக் கைக்கெட்டிய மூன்றையும் ஒன்றாய்க் கூட்டிப் பார்த்த ஒரு சமையற்காரியின் சாமர்த்தியம்தான் முதலில் பிறந்திருக்கும், தத்துவம் சாவகாசமாகப் பின்னால் வந்து சேர்ந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மாமரத்தின் தாராளம் வேறு விதமானது. அது தையிலும் மாசியிலும் பூத்துத் தள்ளுகிற பூவில் மிகச் சொற்பமே பிஞ்சாகும்; பிஞ்சிலும் மிகச் சொற்பமே பழமாகும். கிளை தாங்காத அந்த மிச்சத்தில்தான் நமக்கு மாவடு கிடைக்கிறது. உதிர்ந்து அடிபட்ட வடு ஊறுகாய்க்கு ஆகாது. காம்போடு பறித்ததாக, கையில் உருட்டினால் உருளுவதாக இருக்க வேண்டும். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் இலேசாகத் தடவி, கல்லுப்பும் மஞ்சள் பொடியும் கடுகுப் பொடியும் மிளகாய்ப் பொடியும் தூவி ஜாடியில் போட்டுவிட்டு, தினந்தோறும் மறவாமல் குலுக்கி வரவேண்டும். வடு தன் நீரைத் தானே விட்டுச் சுருங்கிக்கொண்டு வரும். சுருக்கம் விழுந்த வடுவைக் காம்பைப் பிடித்துக் கடித்துக்கொண்டு பழைய சோற்றில் மோர் விட்டுச் சாப்பிடுகிற சுகத்துக்கு எந்த விருந்தையும் ஈடாக நான் ஒப்புக்கொள்வதில்லை.

இனி வடாம். இதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே பேசவேண்டும். ஏனெனில் வீடு முழுவதும் ஒரே காரியத்தில் ஈடுபடுகிற நாட்கள் வருஷத்தில் அதிகமில்லை. வெயில் ஏறுமுன் பிழிந்து முடிக்க வேண்டுமாகையால், விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு மூட்டப்பட்டு, கொதிக்கும் நீரில் அரிசி மாவைக் கரைத்து விட்டுக் கட்டி தட்டாமல் கிளறி, உப்பும் அரைத்த பச்சை மிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சம் பழச் சாறும் சேர்த்த கூழ், பெரிய பாத்திரத்தில் மாடிக்கோ முற்றத்துக்கோ போய்ச் சேரும். நாழியில் இட்டுப் பிழிகிறவர் ஒருவர், அப்பால் துணியை இழுத்துச் சரிசெய்கிறவர் ஒருவர், ஜவ்வரிசிக் கூழைக் கரண்டியால் வட்டமாக ஊற்றுகிறவர் இன்னொருவர். எல்லாம் முடிந்த பிறகு, கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்து, காக்கையை விரட்டுவதற்குக் குழந்தைகளைக் காவல் வைப்பார்கள். காக்கை கொண்டுபோவதைக் காட்டிலும் காவலாளிகள் கொண்டுபோவதே அதிகம் என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களையே காவல் வைக்கிறார்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் வடாமுக்கு ஒரு தனி ருசி உண்டு. எண்ணெயில் பொரித்த பிறகு அந்த ருசி வராது. மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தில் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரித்தெடுப்பதும், மறுபடி வெயிலில் காய வைப்பதும், வருஷம் முழுவதற்கும் டின்களில் அடைத்து வைப்பதும் பெரியவர்களின் பாகம்.

இத்தனை வடாமையும் உலர்த்திக் கொடுக்கிற சூரியன் அந்த நாட்களில் நமக்கு ஒரு வேடிக்கையும் காட்டுகிறான். வடக்கு நோக்கிச் செல்லும் அவன் ஏப்ரல் 10-ஆம் தேதியை ஒட்டிக் கன்னியாகுமரியில் தலைக்கு நேராக நிற்கிறான். சித்திரை முதல் நாளில் விருதுநகர், சாத்தூர் வட்டாரத்தில் நிற்கிறான். ஏப்ரல் 24-ஆம் தேதியளவில் சென்னைக்கு வந்து சேர்கிறான். உங்கள் ஊருக்குரிய நாளில், பகல் 12 மணி 15 நிமிஷத்தை ஒட்டி முற்றத்துக்குப் போய்த் துளசி மாடத்தையோ, நேராக நட்ட ஒரு கழியையோ பாருங்கள். நிழல் ஒரு புறமும் சாயாமல் அடியிலேயே ஒடுங்கியிருக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டிய காட்சி இது. பூகோள பாடத்தில் பல பக்கம் படித்தும் விளங்காதது அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

மாலை நேரம் மல்லிகைக்கு உரியது. கார்த்திகை மார்கழியில் தண்ணீரை நிறுத்தி, இரக்கம் பாராமல் கத்தரித்து விட்ட செடி, மாசியில் துளிர்த்துப் பங்குனியில் மொட்டு வைக்கிறது. மனம் வராமல் கத்தரிக்காது விட்டவர்களுக்கு இலைதான் மிஞ்சும். பொழுது சாயுமுன் மொட்டுகளைப் பறித்துக்கொண்டு வந்து, நனைத்த வாழை நாரை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தொடுக்கிறார்கள். கை தொடுத்துக்கொண்டிருக்க, ஊர்ச் சமாசாரங்கள் அனைத்தும் அந்தத் திண்ணைக்கு வந்து போகும். விளக்கு வைக்கும் வேளையில் மொட்டு இதழ் விரிக்கத் தொடங்குகிறது. தெற்கேயிருந்து வரும் காற்று அந்த மணத்தை வீடெல்லாம் பரப்புகிறது. இதே சமயத்தில் தெருவோரப் புங்கமரத்தடியில் பொரியை வாரி இறைத்தாற்போலப் பூ உதிர்ந்து கிடக்கும். குயிலும் விடாமல் கூவிக்கொண்டிருக்கும். கூவுவது ஆண் குயில். பெண் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. கவிகள் ஆணின் குரலைப் புகழ்ந்ததோடு நின்று, அடைகாத்து இரை ஊட்டும் காக்கையை மறந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வசந்தத்தை அரசர்கள் அனுபவித்த முறை வேறு. மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்றே கல்லில் ஒரு மண்டபம் எழுப்பி, வெப்பம் தணிவதற்காகச் சுற்றிலும் நீர் நிற்கும்படி அகழி போன்ற அமைப்பும் செய்தார். இன்று அதைப் புதுமண்டபம் என்கிறோம். நம் வீட்டில் அந்த வேலையைக் கூடத்து மூலையில் ஈர மணலின் மேல் அமர்ந்திருக்கும் மண்பானையும், அதனுள் முடிந்து போட்ட வெட்டிவேரும் செய்துவிடுகின்றன. ஸ்ரீராம நவமியன்று பானகமும் நீர்மோரும் கரைத்து வழிப்போக்கருக்குக் கொடுக்கிற வீடுகளில், வாங்கிக் குடிக்கிறவரின் முகத்தைப் பார்க்கிற சந்தோஷம் கொடுப்பவருக்குக் கிட்டுகிறது.

பட்டணத்தில் வாடகை வீட்டில் வசிக்கிறோம், கொல்லைக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். ஆனியிலோ ஆடியிலோ முதல் மழை பெய்த பிறகு, ஒரு மல்லிகைப் பதியனை வாங்கி வெயில் நன்றாகப் படுகிற இடத்தில் தொட்டியில் வையுங்கள். வேர் பிடித்து வளர்ந்த செடியைக் கார்த்திகை கழிந்ததும் தயங்காமல் கத்தரித்து விடுங்கள். வேப்பம்பூவுக்கு அவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம். தெருவோரத்து வேம்பு எல்லோருக்கும் பொது. அதன் அடியில் விரிக்க ஒரு பழைய வேட்டியும், அதிகாலையில் எழுந்து போக ஓர் ஆளும் இருந்தால் போதும்.