நாலு பிள்ளைகளுக்கு ஒரு வீடு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில், ‘கல்லூரி மாணவ மாணவியருக்கு வீடுகளை வாடகைக்கு விடுவதில்லை’ என்ற தீர்மானம் விவாதத்துக்கு வந்தபோது, பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.)



செயலாளர் பத்து நிமிடம் தந்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பீரியட் மணி அடித்த பிறகும் ஒரு கணக்கு போடுகிற பழக்கம் உண்டு. கொஞ்சம் கூடக் குறைய ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீர்மானத்தில் எனக்கு நேரடியான லாப நட்டம் இருக்கிறது. இரண்டாவது மாடியில் என் மகள் பேரில் இருக்கும் வீட்டில் நான்கு கல்லூரிப் பெண்கள் குடியிருக்கிறார்கள். தீர்மானம் நிறைவேறினால் வருகிற மே மாதத்தோடு அவர்கள் காலி செய்ய வேண்டும். நான் பேசுவதை அதையும் சேர்த்தே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

போன ஜூன் மாதம் ஒரு மத்தியானம் வாட்ச்மேன் என்னைக் கீழே கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே ஒரு அப்பா, இரண்டு பெண்கள், ஒரு தகரப் பெட்டி. ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்கு விண்ணப்பித்தும் அந்த முறை கிடைக்கவில்லை. தினமும் மலையிலிருந்து இறங்கி ஏறிப் படிக்க முடியாது. மூன்று நாளாக வீடு தேடுகிறார்கள். “எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்கம்மா, வீடு மட்டும் இல்லைங்கறாங்க” என்றார் அந்த அப்பா.

உட்கார வைத்து விசாரித்தேன். ஒரு வீட்டில் பேச்சிலர்களுக்கு இல்லை என்றார்களாம். ஒரு வீட்டில் அசைவம் சமைப்பீர்களா என்று கேட்டார்களாம். இன்னொரு வீட்டில், “நீங்க என்ன ஆளுங்க?” அதற்குப் பதில் சொன்ன பிறகு, வீட்டை நேற்றே யாருக்கோ பேசி முடித்துவிட்டதாக ஞாபகம் வந்ததாம். நான்காவது வீட்டுக்காரர்தான் தாராள மனசுக்காரர். வீடு தருகிறேன், வாடகையும் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இரண்டு நாள் காலி செய்து கொடுத்துவிட வேண்டும், தீபத்துக்கு ஒரு வாரம் என்றிருக்கிறார்.

இந்த நிபந்தனை வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. நமக்குப் புரியும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதைச் சுற்ற ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. அந்த ஒரு ராத்திரிக்கு ஒரு அறைக்குக் கேட்கிற பணத்தை மாச வாடகையாகத் தருகிற மாணவர்கள் இந்த ஊரில் உண்டு. வீட்டுக்காரர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயசுப் பெண் மாசத்தில் இரண்டு நாள் எங்கே போவாள்? அதுவும் அன்றைக்குத்தான் பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தியிருப்பார்கள். அவள் படுக்கையில் யார் யாரோ படுத்து எழுந்து போயிருப்பார்கள். இதற்குப் பெயர் வீடு இல்லை.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் சென்னையிலோ கோவையிலோ படிக்கிறார்கள், அல்லது அடுத்த வருஷம் போகப்போகிறார்கள். என் மகள் 2015-இல் கோவைக்குப் போனாள். மூன்று பேரோடு சேர்ந்து ஒரு வீடு. பத்து மாத அட்வான்ஸ் கேட்டார் வீட்டுக்காரர், கொடுத்தோம். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. காலி செய்தபோது பெயின்ட் அடிக்க, குழாய் மாற்ற, ஃபேன் மாற்ற என்று கழித்து, கடைசியில் கைக்கு வந்தது மூன்றில் ஒரு பங்கு. முப்பது வருஷம் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அப்படி ஒரு கழித்தலை அதற்கு முன்பு பார்த்ததில்லை. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. எழுதி வாங்காதது நான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, பல பேருக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2017-இல் கொண்டுவந்த புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். ‘பதினோரு மாசத்துக்குத்தானே எழுதுகிறோம், பதிய வேண்டாம்’ என்பது பழைய பத்திரப் பதிவு ஆபீஸ் கணக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிந்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம் அது. வாடகை ஆணையப் பதிவு வேறு, அதற்குப் பதினோரு மாசம் விலக்கு ஆகாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சம்மதித்து எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரன்ட்டையும் சட்டப்படி நிறுத்தக் கூடாது. வீட்டைப் பார்க்க உள்ளே வர வேண்டுமானால் வீட்டுக்காரரே 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் பெண் பிள்ளைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு ‘சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்’ என்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். பதினெட்டு முடியாதவர் போடுகிற ஒப்பந்தம் செல்லாது, அது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். அதனால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டு ஒப்பந்தத்தில் நான்கு வீட்டுப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஜவ்வாது மலை அப்பா கைநாட்டு. அன்றைக்கு நாலு குடும்பமும் ஒரே அறையில் உட்கார்ந்து காபி குடித்து, போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அது சட்டத்தில் எழுதியிருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

பணக் கணக்குக்கு வருகிறேன். வாடகை 10,000. தலைக்கு 2,500. மெயின்டனன்ஸ் 1,200, தலைக்கு 300. அட்வான்ஸ் 30,000, தலைக்கு 7,500. கேஸ், மளிகை, தண்ணீர் கேன் எல்லாம் பொதுச் செலவு. ஒரு நோட்டில் எழுதி மாசக் கடைசியில் பிரித்துக்கொள்கிறார்கள். நான்கு பேரில் மூன்று பேர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால்தான் ஒரு கூலிக்காரர் மகள் தங்கிப் படிக்க முடிகிறது. நாலு பேர் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நடுவில் ஒருத்தி போய்விட்டால் மீதி மூவருக்கும் வாடகை 3,333 ஆகிவிடும். போன ஜனவரியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுவிட்டாள். இந்த விஷயத்தை நாங்கள் முதலிலேயே எழுதி வைத்திருந்தோம்: போகிறவர் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அல்லது மாற்றாக ஒருவரைக் கொண்டுவர வேண்டும், மாற்று ஆளை மற்ற மூவரும் நானும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவருடைய அட்வான்ஸ் பங்கு புது ஆள் வந்த பிறகுதான் கைக்கு வரும். யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் முடிந்தது. வெளியூரில் வீடு பார்க்கிற உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். வீட்டுக்காரரோடு போடுகிற ஒப்பந்தம் ஒன்று, கூட இருக்கிறவர்களோடு போடுகிற ஒப்பந்தம் இன்னொன்று. இரண்டாவதைத்தான் யாரும் போடுவதில்லை. சிநேகிதம் கெடுவது அங்கேதான்.

வீட்டைப் பார்க்கப் பகலில் ஒரு தரம் போங்கள், ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு தரம் போங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை தெருவிளக்கு எரிகிறதா என்று பகலில் தெரியாது. குளியலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா, ஹீட்டருக்கு எர்த் இருக்கிறதா, ஷாக் அடித்தால் தானாக அணைகிற பிரேக்கர் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புக்குப் பெட்டிக்கடையில் நிரப்பித் தருகிற குட்டி சிலிண்டர் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே கிடைக்கும், முகவரிச் சான்று தேவையில்லை. கோடையில் தண்ணீர் எப்படி என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், எதிர்வீட்டு அம்மாவைக் கேளுங்கள். கரன்ட் பில் தனி மீட்டரா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்குகிறாரா என்பதையும் கேளுங்கள். இணையத்தில் வீட்டுப் படம் பார்த்து, நேரில் போகாமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்புவது அடுத்த ஏமாளித்தனம். ‘நான் ராணுவத்தில் இருக்கேன், வடக்கே போஸ்டிங், சாவி பக்கத்து வீட்டுல இருக்கு’ என்பான். உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண் போடுங்கள் என்பான். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எதற்கு? போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

பெண்கள் விடுதியில் சேர்ப்பதானால் ஒன்று கேளுங்கள்: கலெக்டர் கொடுத்த உரிமம் எங்கே? பொள்ளாச்சியில் 2014-இல் ஒரு விடுதியில் இரண்டு சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு அதே வருஷம் வந்த சட்டம் அது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. மாட்டி வைத்திருப்பவர் காட்டுவார். மழுப்புகிறவர் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வராதீர்கள்.

குறைந்த வாடகை என்பதற்காக நம் ஊரில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். மலையடிவாரத்தில் ஒண்டுக் குடித்தனங்கள் மலிவு. 2024 டிசம்பர் 1-ஐ நாம் யாரும் மறக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். நம்மைப் போன்ற குடியிருப்புகள் ‘மாணவர்களுக்கு இல்லை’ என்று கதவைச் சாத்தினால், அவர்கள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். இன்னும் மேலே, இன்னும் மலிவான இடத்துக்கு ஏறுவார்கள்.

இனி உங்கள் புகார்கள். மூன்றாவது மாடிப் பையன்கள் புத்தாண்டு ராத்திரி போட்ட ஆட்டம் எனக்கும் கேட்டது. இரண்டு மணிக்கு நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறார்கள், உண்மை. நாலு பேர் என்று சொல்லி ஏழு பேர் தங்குகிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்த வீட்டின் சொந்தக்காரர் யார்? வெளியூரில் இருக்கிறார். இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் இல்லை, பெற்றோர் போன் நம்பர் இல்லை, எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. யாரோ ஒரு புரோக்கர் சாவி கொடுத்தார். பையன்களைக் கண்டிக்கிற நாம் சொந்தக்காரருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறோமா? நம் மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியலில் முதல் பெயரும் அவருடையதுதான். இதைச் சொன்னதற்குச் செயலாளர் மன்னிக்க வேண்டும்.

அதனால் நான் ஒரு திருத்தம் கொண்டு வருகிறேன். மாணவர்களுக்கு விடலாம். எழுத்தில் ஒப்பந்தம், பதிவு எண், பெற்றோர் கையெழுத்து, அடையாள அட்டை நகல் இவை சங்க அலுவலகத்துக்கு வர வேண்டும். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகல் போதும், முழு எண்ணை வாங்கி மேஜை மேல் போட்டு வைக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டில் நாலு பேர், அதற்கு மேல் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் குடியிருப்பிலேயே ஒரு பொறுப்பாளர், சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் அவர் நியமிக்க வேண்டும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வீட்டை நாள் வாடகைக்கு விடுவது கூடாது, மாணவர் வீடானாலும் சரி, நம் வீடானாலும் சரி. இதில் சில பேருக்கு வருத்தம் இருக்கும். தீப ராத்திரி யார் யாரோ லிஃப்டில் ஏறி இறங்கியதைப் பற்றிப் போன வருஷம் புகார் எழுதியவர்களும் இங்கே இருக்கிறார்கள். மாணவர்கள் யாரும் அப்படி யாரையும் கூட்டி வரவில்லை.

பையன்களுக்கும் இதேதானா என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். ஆமாம், பையன்களுக்கும் இதேதான். பொள்ளாச்சி, லைட், தாழ்ப்பாள் என்று நான் பெண்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஆனால் மூன்று நாள் தெருத் தெருவாக அலைந்து கடைசியில் லாரி ஷெட்டின் மாடியில் தங்கிப் படித்த பையன்கள் என்னிடம் படித்திருக்கிறார்கள்.

என் வீட்டு ஒப்பந்தத்தின் நகல், பெயர்களை மறைத்து, செயலாளர் மேஜையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குள் போட்டுக்கொண்ட உடன்பாடும் இருக்கிறது. அதை அவர்களே எழுதினார்கள், நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன். பாத்திரம் கழுவும் முறை பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, அதைத் தாண்டிப் படிக்கலாம். வேண்டியவர்கள் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் என்ன மாற்ற வேண்டும் என்று பென்சிலில் எழுதிக் கொடுங்கள். நான் பெரும்பாலும் சாயங்காலம் கீழே பெஞ்சில்தான் இருப்பேன்.