அழாத குழந்தைகள்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒருநாள் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த மகள் ஒருத்தி எனக்காகக் காத்திருந்தாள். நர்சிங் படித்து முடித்தவள். “ஃபாதர், வெளிநாட்டில் ஓர் அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யப் போகலாமென்று இருக்கிறேன். ஒரு மாதம்தான். நீங்கள் ஒரு நற்சான்றுக் கடிதம் தர வேண்டும்” என்றாள். நல்ல மனம். கடிதம் எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனாலும், “கடிதம் தருமுன் உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும், அம்மா” என்றேன். அதையே இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன். அதில் என் குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

2003-ஆம் ஆண்டு நான் உரோமையில் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் இத்தாலிய இளைஞர் சிலர் ருமேனியா நாட்டிலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டார்கள். நானும் உடன் சென்றேன். ஆறு வாரங்கள் அங்கே தங்கினோம். காலையில் படுக்கை விரிப்புகளை அலசிப் போடுவோம். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தரையைத் துடைப்போம். சோறு என்றால் நம் சோறன்று. மக்காச்சோள மாவில் கிண்டிய ‘மமலிகா’ என்ற களி, புளித்த சூப்பு. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்த எனக்கு, ஒரு பிள்ளைக்குத் தலை துவட்டிவிடத் தெரியவில்லை. அதை அங்கேதான் கற்றேன்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். “தாத்தா, தாத்தா” என்று அழைத்தான். அப்போது எனக்கு முப்பது வயது சொச்சம். என்னைப் போய்த் தாத்தா என்கிறானே என்று சிரித்தேன். அங்கிருந்த வயதான பராமரிப்புப் பெண்மணி சிரிக்கவில்லை. ருமேனிய மொழியில் ‘தாத்தா’ என்றால் அப்பா என்று அவர் விளக்கினார். “அவன் உங்களை மட்டும் அப்படி அழைக்கவில்லை, ஃபாதர். கடிதம் கொண்டுவருபவரும் அவனுக்கு அப்பாதான், குழாய் பழுது பார்க்க வருபவரும் அப்பாதான்” என்றார்.

என் மகிழ்ச்சி அங்கேயே அடங்கியது. அன்னியர் மடியில் தயக்கமின்றி ஏறும் பிள்ளையைக் கண்டு, “என்ன பாசம்!” என்று நாம் உருகுகிறோம். அது பாசமன்று, காயம். தனக்கென்று ஓர் ஆள் இல்லாத பிள்ளை, வருகிறவரையெல்லாம் தன் ஆளாக்கிப் பார்க்கிறது.

இந்தக் காயம் எப்படி வந்தது? 1966-இல் சௌசெஸ்குவின் அரசு, நாட்டின் மக்கள் தொகையைப் பெருக்குவதற்காகக் கருக்கலைப்பைத் தடைசெய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமற் போயின. உயிரின்மேல் கொண்ட மதிப்பால் பிறந்த சட்டமன்று அது. பிறக்கும் பிள்ளைக்கும் பெற்ற தாய்க்கும் சோறு போடும் எண்ணம் அதில் இல்லை. 1980-களில் வெளிநாட்டுக் கடனை அடைக்கிறோம் என்று மக்களைப் பட்டினி போட்டார்கள். குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்பமும் இல்லை. வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது, 1,00,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அத்தகைய இல்லங்களில் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. அநாதைகள் என்று நாம் அழைத்தவர்கள் ஏழைகளின் பிள்ளைகளே.

அந்தப் பெண்மணி அக்காலத்திலிருந்தே வேலை செய்தவர். ஓர் இரவு துணி மடித்துக்கொண்டே சொன்னார்: “அப்போது நான் ஒருத்தி, முப்பது தொட்டில்கள். வெளிநாட்டார் முதன்முதலாக உள்ளே வந்தபோது, ‘என்ன அமைதி!’ என்றார்கள். குழந்தைகள் ஏன் அழவில்லை என்பது அவர்களுக்குப் புரியவில்லை.” அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. அங்கே அழுதாலும் யாரும் வரவில்லை. ஆகவே குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டன.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அச்சிறுவன் ஆறு வாரமும் என் நிழலாக இருந்தான். புறப்படுகிற நாளில் அந்தப் பெண்மணி என்னைத் தனியே அழைத்து, “ஃபாதர், வாக்கு எதுவும் கொடுக்காதீர்கள்” என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அவன் என் அங்கியின் நுனியைப் பற்றிக்கொண்டு நின்றபோது என் மனம் தாங்கவில்லை. “கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வருவேன்” என்று சொல்லிவிட்டேன். அவனுக்காகச் சொல்லவில்லை, அன்பர்களே. அந்த நொடியை நான் தாண்டுவதற்காகச் சொன்னேன். டிசம்பர் வந்தது. தேர்வு, கட்டுரை, கையில் காசில்லை என்று எனக்கு ஆயிரம் காரணம். நான் போகவில்லை.

மறு ஆண்டு வசந்த காலத்தில் அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. “பனி உருகும்வரை உங்களைப் பற்றிக் கேட்டான். இப்போது கேட்பதில்லை” என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோது எனக்கு அந்த முப்பது தொட்டில்களே நினைவுக்கு வந்தன. அழுகையை விட்ட பிள்ளைகளின் வரிசையில் நானும் ஒருவனைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். ஒப்புரவுத் தொட்டியில் அதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். ஆனால் மன்னிக்க வேண்டியவன் அங்கே இருந்தான்.

இத்தகைய பிள்ளைக்கு மருந்து என்ன? அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும், பேச்சிலும், பாசத்திலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குமுன் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். 2004-இல் அந்நாடு இயற்றிய சட்டம், கடும் ஊனமுற்றோர் நீங்கலாக, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. பிற்பாடு அந்த வயது வரம்பை உயர்த்தவும் செய்தார்கள். நூறு பேர் வந்து போவதைவிட, ஒருவர் போகாமல் இருப்பதே பிள்ளைக்கு மருந்து.

இதை நமக்குக் காட்ட ஒரு புனிதர் இருக்கிறார். சூசையப்பர் தம் பிள்ளையல்லாத பிள்ளைக்காக அந்நிய நாடாகிய எகிப்துக்குப் போனார். ஆனால் ஒரு மாதத்தில் திரும்பிவிடவில்லை. ஆபத்து நீங்கும்வரை அங்கேயே இருந்தார். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டும் போகவில்லை. இருவரையும் சேர்த்தே அழைத்துச் சென்றார். வெளிநாட்டுத் தொண்டுக்குப் போக விரும்பும் இளைஞர்கள் இந்த இரண்டையும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே அந்த மகளிடம் நான் சொன்னவை இவை.

முதலாவது, அந்த இல்லத்தாரிடம் கேள்: இங்குள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் உண்டா? அவர்களுடன் சேர்த்துவைக்க என்ன செய்கிறீர்கள்? நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளில் வெளிநாட்டாரின் காசுக்காகவே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இல்லம் நடத்தியவர்கள் உண்டு. நம் நல்ல மனமே அவர்களுக்கு முதல்.

இரண்டாவது, ஒரு மாதமே உன்னால் முடியுமென்றால், பிள்ளைகளின் செல்ல அக்காவாகப் போகாதே. பராமரிப்பவர்களுக்கு உதவியாகப் போ. அவர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடு, துணி துவை, பாத்திரம் தேய். பிள்ளை அழும்போது நீ தூக்காமல், என்றும் அங்கே இருக்கப்போகிறவர் தூக்குவதற்கு அவர் கையை ஓய்வாக்கிக் கொடு.

மூன்றாவது, காவல்துறைச் சான்று கேட்டாலும், பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாதென்று விதி சொன்னாலும், அவமானமாக எண்ணாதே. குருவானாலும் கன்னியரானாலும் அந்த விதி வேண்டும்.

நான்காவது, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே. போகும் நாளை வந்த அன்றே சொல்லிவிடு.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பொன்விழா நினைவாக அநாதை இல்லத்துக்கு நன்கொடை தரலாமென்று சிலர் கூறினீர்கள். நல்லதே. ஆனால் அதற்குமுன், நம் பங்கில் வறுமையினால் பிள்ளையை விடுதியில் விட எண்ணும் விதவைத் தாய் யாராவது உண்டா என்று நம் வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு வீடாகப் பார்க்கட்டும். அவள் வீட்டு அடுப்பு எரிந்தால், ஒரு பிள்ளை தன் தாயோடு இருக்கும்.

அச்சிறுவனைப் பற்றி 2005-இல் இன்னொரு கடிதம் வந்தது. கிராமத்துக் குடும்பம் ஒன்று அவனை வளர்க்க ஏற்றுக்கொண்டதாம். அந்தப் பெண்மணி அவனைப் பார்க்கப் போனபோது, துணைக்குத் தம் தம்பியையும் அழைத்துச் சென்றிருக்கிறார். வாசலில் புதிய ஆண்மகனைக் கண்டதும் பையன் ஓடிப்போய், வளர்ப்புத் தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். “யாரையும் அவன் இப்போது அப்பா என்று அழைப்பதில்லை, ஃபாதர். வெட்கப்படுகிறான்!” என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். நான் போய் நின்றாலும் ஒளிந்துகொள்வான் என்று நினைத்தேன்; ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த மகளின் கடிதம் எழுதப்பட்டு என் மேசையில் இருக்கிறது. இல்லத்தாரிடமிருந்து பதில் வந்ததும் கையெழுத்திடுவேன். அவளுக்காகவும், அவளுக்காக அங்கே காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!